எட்டு வாரம், ஒரு ஹூட், பக்கத்தில் ஹரிணி

வேதியியல் லேபில் கோடைக்கால இன்டர்னாகச் சேருகிற எவருக்கும் முதல் நாள் கிடைப்பது ஒரு ஜோடி கையுறை, அதுவும் வேறு யாருடைய கை அளவிலோ. காலேஜ் தோழிகள் எல்லாம் லீவில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, விரல் நுனியில் ரப்பர் தொங்கத் தொங்க ஃபிளாஸ்க் பிடித்து நின்றவர் நீங்களும் என்றால், இதைப் படிக்கும்போது உங்களுக்கும் அந்த எரிச்சல் திரும்ப வரும். சம்பளம் கிடையாது. உட்கார நாற்காலி கிடையாது. அசிட்டோன் வாசனை மட்டும் தலைமுடியில் ஏறி வீடுவரை கூடவே வரும்.

நான் இசக்கி. தாராவி தொண்ணூறடி ரோட்டில் அப்பாவுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் முடிந்த கோடையில் ஒரு பல்கலைக்கழக லேபில் எட்டு வாரம் இன்டர்னாக இருந்தேன். அந்த எட்டு வாரத்தில் நான் கெமிஸ்ட்ரியைக் கவனித்ததைவிட ஹரிணியைக் கவனித்ததுதான் அதிகம். லேபில் பேச்சு இந்தியும் இங்கிலீஷும் மராத்தியும் கலந்து ஓடும். அதையெல்லாம் இங்கே தமிழாக்கியிருக்கிறேன். தமிழிலேயே பேசியதை அப்படியே விட்டுவிட்டேன்.

நாற்பத்தோரு மெயில்

இடம் கேட்டு நாற்பத்தோரு பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். ஒவ்வொன்றிலும் அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து வியந்ததாக ஒரு வரி இருக்கும். பாதிப் பேருடையதை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. முப்பத்தேழு பேர் பதிலே போடவில்லை. மூன்று பேர் இடமில்லை என்றார்கள். ஒரே ஒரு மேடம் மட்டும், திங்கட்கிழமை பத்து மணிக்கு வா, மூடின ஷூ போட்டுக்கொண்டு வா என்று ஒற்றை வரியில் எழுதினார். என்னிடம் மூடின ஷூ இல்லை. சயான் ஸ்டேஷனுக்கு வெளியே வாங்கினேன்.

லேப் வாசலில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். அவள் ஷூவில் ஏற்கெனவே ஆசிட் பட்ட கறை இருந்தது. பெயர் ஹரிணி. வீடு அணுசக்தி நகர், அப்பா விஞ்ஞானி. பாலக்காட்டுக் குடும்பம், வீட்டில் பேசுவது தமிழ். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஒரே கஷ்டத்தைப் பட்டு வந்தவர்கள் என்ற உரிமையில், நீ எத்தனை மெயில் போட்டாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“மெயிலா? அப்பா போன்ல பேசினா, மேடம் வரச் சொல்லிட்டா. மெயில் வேற பண்ணணுமா என்ன?”

சிங்க்

எங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மேடம், பிஎச்.டி. மூன்றாம் வருஷத்தில் இருந்த ஸ்வப்னிலிடம் விட்டிருந்தார். அவர் முதல் கேள்வியே, ரோட்டாவேப் யாருக்கு ஓட்டத் தெரியும் என்பதுதான். கரைசலை வெந்நீரில் சுற்றவிட்டு, அதிலுள்ள கரைப்பானை மட்டும் உறிஞ்சி எடுக்கிற மெஷின் அது. எங்கள் காலேஜில் அதன் படம் மட்டும் சுவரில் இருந்தது. ஹரிணி கையைத் தூக்கினாள். அன்றைக்கே அவளுக்கு ஒரு மேஜை கிடைத்தது, எனக்கு சிங்க் கிடைத்தது.

முதல் வாரம் முழுக்கக் கண்ணாடி கழுவினேன். சோப்பு, தண்ணீர், மறுபடி தண்ணீர், கடைசியில் அசிட்டோன். நீங்களும் கழுவியிருப்பீர்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நிஜமான ரியாக்‌ஷன் வைத்துக்கொண்டிருக்க, அவள் அழுக்காக்கியதையே வாங்கிக் கழுவியிருக்கிறீர்களா? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாய்விட்டுப் புலம்பினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், அவள் முறுக்குக்கு மாவு பிசைவதை நிறுத்தாமலே கேட்டாள்:

“ஏட்டி, வீட்டுல ஒரு தம்ளரக் கழுவ மாட்ட. அங்க போயி ஊர்ச் சாமான எல்லாம் கழுவுதியாக்கும். அதுக்கு எதுக்குட்டி ஷூ?”

பேனாக் கோடு

இரண்டாவது வாரம் எனக்கும் வேலை வந்தது. ஒரு சின்னத் தகட்டின் அடியில் கோடு போட்டு, நாம் செய்த பொருளைக் கோட்டின் மேல் ஒரு புள்ளியாக வைத்து, கரைப்பானில் நிறுத்த வேண்டும். கரைப்பான் மேலே ஏற ஏற, கலவையில் இருக்கிற பொருள்கள் தனித்தனிப் புள்ளியாகப் பிரியும். கோட்டை நான் ஸ்கேல் வைத்து, புதுப் பேனாவால், பரீட்சைத் தாளில் மார்ஜின் போடுவதுபோல அழகாகப் போட்டேன். பென்சிலால்தான் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஹரிணிக்கும் யாரும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.

என் தகட்டில் பொருளுக்கு முன்னால் மை ஏறியது. நீலமாக ஒன்று, ஊதாவாக ஒன்று, நடுவில் ஒரு ரோஜா நிறம். ஸ்வப்னில் தகட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மூன்று புள்ளி வந்திருக்கிறது, உன் பேனா சுத்தமான சரக்கு இல்லை என்றார். லேபே சிரித்தது. ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது நான் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். தன் டப்பாவிலிருந்து சீவின பென்சில் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தி, மெதுவாகச் சொன்னாள்:

“நீயே வெச்சுக்கோ. எங்கிட்ட இன்னும் அஞ்சு இருக்கு.”

பிசின்

மூன்றாவது வாரம் இருவரும் ஒரே பொருளைத் தனித்தனியாகச் செய்து காட்ட வேண்டும். பழகுவதற்கென்று கொடுக்கிற சுலபமான ஒன்று. கரைசலை ஆறவிட்டால் மஞ்சள் நிற ஊசிகளாகப் படிகம் இறங்க வேண்டும். ஹரிணிக்கு இறங்கியது. அவள் குப்பியைத் தட்டினால் சர்க்கரை டப்பாவைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். என் குப்பியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பிசின் உட்கார்ந்திருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் சத்தமும் வராது, சரக்கும் வராது. ஸ்வப்னில் வெள்ளைப் பலகையில் ஹரிணி பெயருக்கு நேரே எண்பத்திநாலு சதவீதம் என்று எழுதினார். என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார்.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் போய் இன்னொரு முறை செய்தேன். மறுபடியும் பிசின். அளவு அதேதான், சூடு அதேதான், எடுத்த பாட்டில்கூட அதேதான். மானத்தை விட்டு ஹரிணியிடமே போய், நீ என்ன வித்தியாசமாகச் செய்தாய் என்று கேட்டேன். மறைக்கிறாளோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னாள்:

“ஒண்ணும் பண்ணலையே. மேஜைல வெச்சுட்டு லஞ்சுக்குப் போனேன். வந்து பாத்தா வந்திருந்தது.”

தமிழ் தெரியாதவர்

லேபில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் ஹரிணியும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அவள் அந்தக் கோடியில் இருக்கும்போது, நான் சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு அவளை வைவேன். மகாராணி லஞ்சுக்குப் போனாவளாம், படிகம் தானா வந்து உக்காந்துச்சாம். அப்பன் ஒரு போன் போட்டா மேஜ, நாங்க நாப்பத்தோரு பேருக்கு எழுதுனா தொட்டி. இப்படியே தினமும் கால் மணி நேரம் போகும். பக்கத்தில் லேப் அட்டெண்டர் கதம் காக்கா (மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா) டெஸ்ட் ட்யூபுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். மராத்திக்காரர்தானே என்று நான் குரலைக்கூடத் தணிப்பதில்லை.

நாலாவது வாரம் ஒரு நாள், கோபத்தில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கை ஆட்டி ஆட்டி வைதுகொண்டிருந்தேன். கதம் காக்கா மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்தவர், நாலு பக்கமும் திருநெல்வேலிக்காரர்கள் வீடாக இருக்க நடுவில் வளர்ந்தவர் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஹரிணிக்குக் கடைசிவரை தெரியாது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், துடைப்பதையும் நிறுத்தாமல், எங்கள் தெருப் பேச்சிலேயே சொன்னார்:

“அந்தப் புள்ளைய வையிறது கெடக்கட்டும். மொதல்ல அந்த ஃபிளாஸ்க்க வை தாயி, ஒடைஞ்சிரப் போவுது.”

பேப்பரில் பெயர்

அதே வாரம் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஜூலையிலிருந்து உங்களில் ஒருத்தி மட்டும் சனிக்கிழமைகளில் தொடர்ந்து வரலாம், வருஷக் கடைசியில் எழுதுகிற கட்டுரையில் அவள் பெயரும் இருக்கும் என்றார். ஏன் ஒருத்தி என்று ஹரிணி கேட்டாள். நச்சுப் புகையை இழுத்து வெளியே விடுகிற, கண்ணாடிக் கதவு போட்ட மேடையைக் காட்டி, ஹூட் ஒன்றுதான் காலி இருக்கிறது என்றார் மேடம். அதற்குப் பிறகு ஹரிணி தண்ணீர் குடித்தாலும் நான் கவனித்தேன். எனக்கு அந்த இடம் எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. டிகிரி முடிந்ததும் படிப்பு போதும் என்பது அப்பாவின் முடிவு. லேபில் ஓர் இடம், கட்டுரையில் ஒரு பெயர் என்று கையில் ஏதாவது இருந்தால்தான் எம்.எஸ்ஸி. பேச்சை எடுக்க முடியும்.

அன்று கடை சாத்திவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மாவே விஷயத்தைச் சொல்லிவிட்டாள், பேப்பரில் என் பெயர் வருமாம் என்று. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் நினைத்த பேப்பர் வேறு என்று எனக்குப் புரிந்தது. திருத்த மனசு வரவில்லை.

“எந்தப் பேப்பரு, நம்ம கடைக்கு வாரதா? ஞாயித்துக்கெழம வந்துச்சுன்னா பத்துப் பிரதி சேத்து வாங்கிப் போடுவோம்.”

வெள்ளிக்கிழமை

இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, ஹரிணி மூன்று வாரமாகச் செய்த பொருளைக் காலத்தில் ஏற்றியிருந்தாள். லேப் பாஷையில் காலம் (column) என்பது நேரம் இல்லை, வெள்ளைச் சிலிக்கா மாவு அடைத்த நீளக் கண்ணாடிக் குழாய். மேலே கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே டாப் என்கிற திருகுக் குழாயைத் திறந்துவைத்து, பிரிந்து வருகிற பொருளை டெஸ்ட் ட்யூபுகளில் பிடிக்க வேண்டும். கரைப்பான் மட்டம் மாவுக்குக் கீழே இறங்கவே கூடாது. இறங்கினால் மாவு காய்ந்து விரிசல் விடும். பிரிந்ததெல்லாம் மறுபடி கலந்துவிடும். ஹரிணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. டாப்பை மூடாமல், பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள்.

நான் அடுத்த மேஜையில் இருந்தேன். மட்டம் மாவுக்கு மேல் இரண்டு விரல் உயரம் இருந்தது, பிறகு ஒரு விரல். டாப் என் கைக்கு எட்டுகிற தூரம். ஒரு திருகு திருகினால் போதும். கையில் இருந்த அசிட்டோன் பாட்டிலை நான் கீழே வைக்கக்கூட இல்லை. மஞ்சள் பட்டையும் அதற்குக் கீழே ஆரஞ்சுப் பட்டையும் அவ்வளவு அழகாகப் பிரிந்து இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு நாளும் அப்படிப் பிரிந்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மட்டம் மாவைத் தொட்டது, உள்ளே போனது, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழுந்தது. பிறகு என் மேஜைக்குத் திரும்பி, எதையோ எடை போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஹரிணி வந்து பார்த்தாள். அவசரமாகக் கரைப்பானை எடுத்து ஊற்றினாள். இரண்டு பட்டையும் ஒரே அழுக்கு நிறமாகி ட்யூப் ட்யூபாக இறங்கியது. ஸ்வப்னில் ஓடி வந்தார். காலத்தை விட்டுவிட்டு யாராவது போவார்களா என்று அவளிடம் கத்திவிட்டு, பக்கத்தில்தானே இருந்தாய், நீ பார்க்கவில்லையா என்று என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஹரிணி அவரிடம் சொன்னாள்:

“அவளைக் கேட்காதீர்கள். அவள் தன் வேலையில் இருந்தாள். தப்பு என்னுடையது.”

ட்யூப் ரேக்

ஹரிணி அன்று சீக்கிரமே போய்விட்டாள். லேப் காலியானதும் நான் சிங்க்குக்கு வந்தேன். கதம் காக்கா அவள் மேஜையிலிருந்த டெஸ்ட் ட்யூப் ரேக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். முப்பத்திரண்டு ட்யூப், எல்லாவற்றிலும் அந்த அழுக்கு மஞ்சள். கலந்துவிட்டதே தவிர, அவள் பொருள் அதற்குள்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி ஒரு காலம் ஓட்டினால் பாதியாவது திரும்ப வரும். அழுகிற அவசரத்தில் ஹரிணிக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கழிவுக் கேனில் கொட்டிவிட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை என்பதும் கூடவே தோன்றியது.

கதம் காக்கா மதியம் அந்த வழியாக இரண்டு முறை போனார். எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சொன்னதும் இல்லை. கழிவுக் கேனின் மூடியைத் திறந்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையை ரேக்கில் வைத்து, அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:

“ஊத்திரவா, வச்சிரவா?”

இரண்டு நிமிஷம்

வைக்கச் சொன்னேன். முப்பத்திரண்டையும் ஒரே ஃபிளாஸ்க்கில் சேர்த்து, கரைப்பானை எடுத்துவிட்டு, ஹரிணி பெயர் எழுதி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலை அதை அவளிடம் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, தாங்க்ஸ் தாங்க்ஸ் என்று நாலு முறை சொன்னாள். சனி ஞாயிறு இரண்டு நாளும் தூங்கவில்லையாம். அந்த நாலாவது தாங்க்ஸை என்னால் தாங்க முடியவில்லை. டாப் திறந்திருந்ததை நான் பார்த்தேன், மட்டம் இறங்குவதையும் பார்த்தேன், மூடவில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் கையை அவள் உடனே விடவில்லை, மெதுவாகத்தான் விட்டாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள். இரண்டு நிமிஷம் இருக்கும் என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நிஜமாகவே இரண்டு நிமிஷம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நானும் கூடவே நின்றேன். பிறகு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சொன்னாள்:

“ரொம்ப நேரம்டீ இது.”

மொழிபெயர்ப்பாளர்

அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுபடி ஓட்டுகிற காலத்துக்கு இரண்டு ஆள் வேண்டும், ஸ்வப்னில் எங்கள் இருவரையும்தான் நிறுத்தினார். அவளுக்கு ட்யூப் தேவைப்பட்டால் என்னிடம் கேட்க மாட்டாள். நடுவில் உட்கார்ந்து தன் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்த ஸ்வப்னிலிடம் இந்தியில், அவளிடம் ட்யூப் கொடுக்கச் சொல்லுங்கள் என்பாள். நானும் அவரிடமே, இந்தாருங்கள், கொடுத்துவிடுங்கள் என்பேன். பொருள் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. ஒன்பதாவது ட்யூபில் சுத்தமான மஞ்சள் இறங்கியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உடனேயே, இவளுக்கு இதுவும் வந்துவிட்டதே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

பதினைந்தாவது ட்யூபில் ஸ்வப்னில் பேனாவைக் கீழே போட்டார்.

“உங்கள் இருவருக்கும் ஒரே பாஷை. நடுவில் நான் எதற்கு?”

மேடத்தின் அறை

எட்டாவது வாரம் புதன்கிழமை, என் காலம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்று வாரமாக ஒட்டி, உடைத்து, ஒருவழியாகச் செய்த என் சொந்தப் பொருள். பாதியில் மேடம் கூப்பிடுவதாகக் கதம் காக்கா வந்து சொன்னார். நிறுத்த முடியாத கட்டம், ஸ்வப்னிலும் இல்லை. ஹரிணி தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். போ என்று தலையை மட்டும் ஆட்டினாள். வேறு வழியில்லாமல் போனேன்.

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். ஹரிணி கெட்டிக்காரி, ஆனால் ஓடுகிற காலத்தை விட்டுவிட்டுப் போகிறவளை ஒரு வருஷம் ஹூட்டில் வைத்துக்கொள்ள யோசனையாக இருக்கிறது, உன்னை எடுக்கலாமா என்று பார்க்கிறேன் என்றார். சரி மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவின் ஞாபகம் வந்தது. அந்த இடத்துக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் என் காலத்தின் முன்னால் ஹரிணி உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தையும் விடாமல் சொன்னேன். மேடம் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

“ஒருத்தி கவனிக்காமல் போனாள், இன்னொருத்தி கவனித்துக்கொண்டே நின்றாள். முதல் ஆளுக்கு நான் சொல்லிக்கொடுக்க முடியும்.”

திரும்பி வந்தபோது

வராந்தாவில் நடந்து வரும்போது எனக்கு இடம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஹரிணி டாப்பை என்ன செய்திருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டே வந்தேன். செய்திருந்தால் கேட்கவும் எனக்கு வாயில்லை. உள்ளே போனேன். மாவுக்கு மேலே மூன்று விரல் உயரத்துக்குக் கரைப்பான் நின்றது. என் பட்டை நேராக, கலையாமல் இறங்கியிருந்தது. ட்யூபுகளில் வரிசையாக நம்பர் போட்டு வைத்திருந்தாள். ஹரிணி கையை டாப்பிலிருந்து எடுக்கவே இல்லை. நான் பக்கத்தில் வந்து நின்றபிறகுதான் எடுத்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் பேசியது அப்போதுதான்:

“பதினேழு நிமிஷம். மூணு தடவை ஊத்தினேன். போய் ஸ்டாப்வாட்ச் பாத்துக்கோ.”

கடைசி நாள்

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சமோசா வந்தது. ஹூட் ஹரிணிக்கு என்று மேடம் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். உங்களுக்கும் இப்படித் தட்டிய அனுபவம் இருக்கும். சத்தம் சரியாகத்தான் வரும், கைதான் நம்முடையது மாதிரி இருக்காது. எனக்கு ஒரு சர்டிஃபிகேட் கிடைத்தது. அப்பாவிடம் பேப்பர் விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே எம்.எஸ்ஸி. பேச்சை எடுத்தேன். ஆறு மாசம் சண்டை போட்டுத்தான் அனுமதி வாங்கினேன். செம்பூரில் ஒரு காலேஜில் படித்து, இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் மருந்துகளைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறேன். ஹரிணி வெளிநாட்டில் பிஎச்.டி. செய்கிறாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றோம். அவள் போகிற பஸ் வேறு, நான் போகிற பஸ் வேறு. மேடம் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் மேடத்திடமிருந்து தெரிந்துகொண்டு ஸ்வப்னில் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் பஸ் வந்து நின்றது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியிலிருந்தே திரும்பிச் சொன்னாள்:

“நீ பண்ணினதை நான் மறக்க மாட்டேன். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை யாரோட தமிழ் பேசறது, அதான் தெரியலை.”

இன்றைக்கும் அவள் ஏதாவது போட்டோ போட்டால் நான் முதலில் பெரிதாக்கிக் குறை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லைக் போடுகிறேன். பார்க்கிற நேரம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் குறைந்துகொண்டு வருகிறது.